சூளையில் கார்டு, கூடத்தில் ஸ்லைடு: மலேரியாப் பரிசோதனையில் எது சிக்கனம்?

தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாக மலேரியா ஸ்லைடு (கண்ணாடியில் பூசிய ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில்) பார்த்து வருகிறேன். கடைசி ஆறு ஆண்டுகளில், செங்கல் சூளைகள் இயங்கும் மாதங்களில், செங்குன்றத்துக்கு அப்பால் உள்ள சூளைகளுக்கு ஒரு மருத்துவ முகாமுடன் சென்று கார்டு டெஸ்டும் (ரத்தச் சொட்டு விட்டால், நோயிருந்தால் கோடு காட்டும் சிறு அட்டை) செய்கிறேன். இரண்டில் எது சிக்கனம் என்று முகாமுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள்.

விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் ஸ்லைடுதான் மலிவு. ஒரு கார்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பல ஸ்லைடுகளுக்கான கண்ணாடியும், கிருமியை நிறமேற்றிக் காட்டும் ஜீம்சா சாயமும் வாங்கிவிடலாம். ஆனால் ஸ்லைடின் பெரிய செலவு அதைப் பார்ப்பவரின் சம்பளத்திலும், மைக்ரோஸ்கோப்பிலும், பல மாதப் பயிற்சியிலும் இருக்கிறது. நாளுக்கு ஐந்து ஸ்லைடு வந்தாலும் ஐம்பது வந்தாலும் அந்தச் செலவு மாறுவதில்லை. மழைக்குப் பிந்தைய வாரங்களில் எங்கள் கூடத்தில் ஸ்லைடுகள் குவியும்போது ஒவ்வொன்றுக்கும் விழும் செலவு மிகவும் குறைந்துவிடுகிறது. நாள் முழுவதும் நான்கைந்து காய்ச்சல்காரர்களே வரும் சூளையிலோ, மைக்ரோஸ்கோப்பையும் ஆளையும் உட்கார வைப்பது வீண். அங்கே எத்தனை பேர் வந்தாலும் தலைக்கு ஒரு கார்டு என்பதோடு செலவு முடிந்துவிடும்.

இதைவிட முக்கியமான கணக்கு நோயாளியுடையது. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பமாக வருபவர்களுக்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஸ்லைடை நகரத்துக்கு எடுத்துச் சென்று மறுநாள் முடிவு சொல்கிறோம் என்றால், திரும்பி வருவதற்கு அவர்கள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், பலர் வருவதில்லை. மூளையைத் தாக்கக்கூடிய பி.எஃப். (பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம்) வகை மலேரியாவில் அந்த ஒரு நாள் உயிருக்கே ஆபத்தாகலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, 15 முதல் 20 நிமிடங்களில் முடிவைப் பார்த்து, முதல் வேளை மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைக்க முடிகிறது என்பதற்காகவே, சூளையைப் பொறுத்தவரை கார்டுதான் சிக்கனம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்தச் சிக்கனம் கிடைக்க, கார்டின் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். கார்டில் பி.எஃப். வகையைக் காட்டும் கோடு பிடிப்பது, அந்தக் கிருமி வெளியிடும் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை. கிருமி முழுவதும் அழிந்த பிறகும் அது வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். மூன்று நாள் மருந்தை முடித்த ஒருவர் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் காய்ச்சலுடன் வந்தபோது, முகாமுக்குப் புதிதாக வந்திருந்த தம்பி கார்டைக் காட்டி, "அக்கா, கோடு வந்துடுச்சு, மறுபடி மாத்திரை ஆரம்பிச்சுடலாமா?" என்றார். நான் ஸ்லைடு எடுத்து வந்து பார்த்தேன். மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடை நகர்த்தி நூறு இடங்களுக்கு மேல் பார்த்தும் ஒரு கிருமி இல்லை. காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று மருத்துவருக்கு அன்றிரவே சொல்ல முடிந்தது.

நேர்மாறான அனுபவம் எங்கள் பகுதியிலேயே உண்டு. மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி கொசு பரப்பும் சென்னை மலேரியா பெரும்பாலும் பி.வி. (பிளாஸ்மோடியம் வைவாக்ஸ்) வகை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் கிருமிகள் 200க்குக் குறைந்தால் கார்டு தவறவிடும் வாய்ப்பு கூடுகிறது. பழகிய கண் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையையும் கண்டுகொள்ளும். காசிமேட்டிலிருந்து வந்த மீனவர் ஒருவருக்குக் கார்டில் ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தைத் தடிமனாகப் பூசிய ஸ்லைடில் வளையம் போன்ற இளம் கிருமிகள் சில தெரிந்தன. அதைக் காணாமல் விட்டிருந்தால் கல்லீரலில் உறங்கும் கிருமிக்கான 14 நாள் பிரைமாகுவின் அவருக்குக் கிடைத்திருக்காது.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்டு உறையில் 30 அல்லது 40 டிகிரி என்று ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். ஒரு கத்திரி வெயிலில் கார்டுப் பெட்டி நண்பகல் முழுவதும் மூடிய வேனுக்குள் கிடந்துவிட்டது. சரிபார்ப்புக்காக உள்ள சி (கண்ட்ரோல்) கோடு எல்லாக் கார்டிலும் நன்றாக வந்ததால் அவை கெடவில்லை என்று முதலில் நம்பினோம். திரவம் ஓடியது என்பதற்கு மட்டுமே சி கோடு சாட்சி. நோயைக் காட்டும் கோடு பழுதின்றி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. மலேரியா இருப்பது ஸ்லைடில் உறுதியான ஒருவரின் ரத்தத்தை வைத்துச் சோதித்தபோது மங்கலான நிழல்தான் வந்தது. பெட்டி முழுவதையும் கழித்தோம். இப்போது தெர்மோமீட்டர் வைத்த ஐஸ் பெட்டி இல்லாமல் வேன் கிளம்புவதில்லை; அந்தச் செலவையும் கார்டின் விலையோடு சேர்த்தே கணக்கெழுதுகிறேன்.

எச்.ஆர்.பி.2 மரபணுவையே இழந்த பி.எஃப். கிருமிகள் இருப்பது பெருவின் அமேசான் பகுதியிலிருந்து 2010இல் அறிவிக்கப்பட்டது. அவற்றிடம் இந்தக் கோடு ஏமாந்துவிடும். எனவே ஒரே குத்தில் இரண்டு வேலை செய்கிறோம்: முதல் சொட்டு கார்டுக்கு, அடுத்த சொட்டு ஸ்லைடுக்கு. கார்டு அங்கேயே பதில் சொல்லிவிடும். ஸ்லைடைச் செங்கல் தூசியும் ஈயும் அண்டாமல் மூடிய பெட்டியில் உலர்த்துகிறேன். வெக்கையில் தடித்த ரத்தம் தானாகவே கண்ணாடியில் இறுகி, சாயம் ஏறாமல் போய்விடும் என்பதால், அன்றிரவே சாயமேற்றிவிடுகிறேன். எல்லாவற்றையும் பார்க்க நேரம் போதாதபோது, கார்டில் கோடு வராமல் இருந்தும் காய்ச்சல் விடாதவர்கள், கடந்த மாதத்தில் மருந்து எடுத்தவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோரின் ஸ்லைடுகளை முதலில் பார்க்கிறேன். இந்த ஆண்டு பணம் கேட்கும் தாளில், கார்டுகளுக்குக் கீழே இரவில் ஸ்லைடு பார்ப்பதற்கான இரண்டு மணி நேரச் சம்பளத்தையும் தனி வரியாக எழுதியிருக்கிறேன்.