குன்னூரில் டாக்டர் நம்பர் கேட்ட கதை

ஒரு டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்பது அவ்வளவு பெரிய குற்றமா? நீலகிரியில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். குன்னூரிலிருந்து பர்மிங்ஹாம் திரும்பி வந்த பிறகும் மனசு ஆறவில்லை.

அக்காவுக்கு எடை 100 கிலோவைத் தாண்டிவிட்டது. சர்க்கரை, முட்டி வலி, ராத்திரி முழுக்கக் குறட்டை. குன்னூர் பெட்ஃபோர்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால், வீட்டுப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதி ஏறுகிறாள். எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றாள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆசியர்களுக்கு பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 27.5 இருந்தாலே யோசிக்கலாம் என்று 2022-லேயே இந்த அறுவை நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் சொல்லிவிட்டது. அக்கா அதையெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று. யார் கையில் வயிற்றைக் கொடுக்கிறாள் என்பதுதான் என் கவலை.

கீழே இருந்து ஒரு தனியார் மருத்துவமனைக்காரர்கள் மலையேறி வந்து, கல்யாண மண்டபத்தில் இலவச கேம்ப் போட்டிருக்கிறார்கள். எடை பார்த்து, சுக்குக் காபி கொடுத்து, உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் 'ஸ்லீவ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஸ்டேப்ளர் போட்டு மூடுகிற ஆபரேஷன் அது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஆயுசுக்கும் வைட்டமின் மாத்திரை வேறு.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். டாக்டர் பெயருக்குப் பின்னால் எழுத்துகள், நம் மலை ரயிலை விட நீளமாக. எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் அறுவைப் படிப்பான எம்.எஸ். சரி. எஃப்.எம்.ஏ.எஸ். என்பது சிறு துளை வழியாகச் செய்கிற அறுவைக்கான சில நாள் பயிற்சியும் ஒரு தேர்வும். தப்பில்லை, ஆனால் அது எம்.எஸ்.ஸுக்கு மேல் மூன்று வருஷம் படித்து வாங்குகிற எம்.சி.எச். பட்டம் ஆகாது. எம்.ஆர்.சி.எஸ். இங்கிலாந்து என்றதும் அக்காவுக்கு ஒரே பெருமை, 'உங்க ஊர்ல படிச்சவருடி' என்றாள். எங்கள் ஊரில் அது சர்ஜன் ஆகப் போகிறவர்கள் ஆரம்பத்திலேயே எழுதுகிற பரீட்சை. அதற்கு மேல் வருஷக்கணக்காகப் பயிற்சி முடித்து, அங்கே டாக்டர்களைப் பதிவு செய்கிற ஜி.எம்.சி.யின் நிபுணர் பட்டியலில் பெயர் ஏறினால்தான் கன்சல்டன்ட்.

குன்னூர் மவுண்ட் ரோட்டில் மருந்து வாங்கப் போனபோது மெடிக்கல் கடைக்காரத் தம்பிதான் சொன்னார்: 'ஏங்க்கா, இதுல டாக்டரோட நம்பரே காணோமுங்களே?' அட, ஆமாம். பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் ஒவ்வொரு சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும் என்று 2002-லிருந்தே மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. இத்தனை எழுத்துக்கு இடம் இருந்த தாளில் அதற்கு மட்டும் இடம் இல்லை.

அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பேச்சில் தேன். பதிவு எண் என்றதும், 'சார் ஆயிரக்கணக்குல கேஸ் பண்ணியிருக்காருங்க மேடம்' என்றாள். சந்தோஷம்மா, நம்பர்? ஒரு டி.வி. நடிகையின் முன்-பின் படம் வந்தது. நம்பர்? வட்டியில்லா இ.எம்.ஐ. விவரம் வந்தது. நம்பர்? வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி. கடைசியில், 'நீங்க லாயருங்களா மேடம்?'

அத்தான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். அக்காவோ, 'வெளிநாட்டுலருந்து வந்து எல்லாரையும் சந்தேகப்படாதே' என்கிறாள். அப்பா காலத்தில் நாங்கள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, உண்மைதான். அருவங்காடு ஃபேக்டரி ஆஸ்பத்திரி டாக்டர் என்ன படித்தார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸ் லைன் வழியாகத்தான் நடந்து போவார். ஊசி போட்ட இடம் வீங்கினால் வாசலில் நிறுத்திக் காட்டலாம். மண்டபத்தைக் காலி செய்துவிட்டுப் போனவரை எந்த வாசலில் நிறுத்துவது? எடை குறைக்கிற ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரிப் பையன் 2024 ஏப்ரலில் சென்னைப் பக்கம் இறந்துபோன செய்தியை நினைவுபடுத்தினேன். அத்தான் சிரிப்பு நின்றது.

மறுநாள் எண் வந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. போனிலேயே தேடலாம், காசு கிடையாது. ஆள் இருக்கிறார். எம்.பி.பி.எஸ். மட்டும் இருக்கிறது. எம்.எஸ். எங்கேம்மா? 'அது இன்னும் அப்டேட் ஆகலைங்க மேடம்.' இருக்கலாம். மேல்படிப்பை டாக்டர்தான் மெடிக்கல் கவுன்சிலில் பதிய வேண்டும், பலர் தள்ளிப்போடுகிறார்கள். இரைப்பையை வெட்டுகிறவர் அதைத் தள்ளிப்போடலாமா என்பது என் கேள்வி.

இங்கிலாந்தைத் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. இங்கே சர்ஜன் ஜாதகம் முழுக்க ஜி.எம்.சி. தளத்தில் கிடைக்கும், சர்ஜன்தான் கிடைக்க மாட்டார். ஜி.பி. என்கிற குடும்ப டாக்டர் எழுதி, எடைக் கிளினிக் போய், வரிசை நகராமல் அலுத்து, ஆபரேஷனுக்காகத் துருக்கிக்கு விமானம் ஏறுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களும் பாக்கேஜ் விலையைத்தான் விசாரிக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் வேறொருவரைப் பார்த்தோம். கதவில் பெயர்ப் பலகை, அதற்குக் கீழேயே பதிவு எண். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அத்தானுக்கு வெட்கமாகிவிட்டது. வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், தையல் கசிந்தால் நடு ராத்திரியில் யார் திறப்பார்கள், ஐ.சி.யூ. இதே கட்டிடத்திலா, ஐந்து வருஷம் கழித்து பி12 குறைந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். மனிதர் முகம் சுளிக்கவில்லை. 'இதையெல்லாம் எல்லாரும் கேக்கணும்ங்க' என்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார், அவ்வளவுதான். குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, டயட்டீஷியன், இதெல்லாம் முடியாமல் தேதி கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

அக்காவுக்கு அதில்தான் கோபம். கல்லாறு தாண்டி மலை ஏறும்வரை பேசவில்லை. பர்லியார் பக்கம் வந்ததும் வாயைத் திறந்தாள்: 'அந்தப் பொண்ணு எவ்வளவு அன்பாப் பேசுச்சு. இந்த டாக்டரு ஒருக்காகூடச் சிரிக்கலையேடி.'