++எண், எண்++: லூப்பில் எதை எழுதுவது?

நிரல் எழுதும்போது, மாறியின் மதிப்பில் ஒன்றைக் கூட்டும் ++ குறியை முன்னால் இட்டாலும் (முன்னொட்டு) பின்னால் இட்டாலும் (பின்னொட்டு) மாறிக்குள் நடப்பது ஒன்றுதான். அந்தக் கோவை திருப்பித் தரும் மதிப்புதான் வேறுபடுகிறது. எண் என்ற மாறியில் 5 இருக்கும்போது ++எண் 6-ஐயும், எண்++ பழைய 5-ஐயும் தரும்.

ஃபார் லூப்பின் மூன்றாம் பகுதியில், அதாவது ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இயங்கும் பகுதியில், இந்தத் திரும்பும் மதிப்பை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆகவே முழு எண்களைப் பொறுத்தவரை முன்னொட்டே வேகமானது என்ற பழைய வாதம் இன்று செல்லாது. இரண்டுக்கும் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஒரே இயந்திரக் கட்டளையைத்தான் உருவாக்கும். (இக்குறிகள் பிடிபி-11 கணினியின் கட்டளைகளைப் பார்த்துப் பிறந்தவை என்ற கதையும் அப்படித்தான். கென் தாம்சன் இவற்றை, சி-க்கு முன்னோடியான பி மொழிக்காக உருவாக்கியபோது அந்தக் கணினியே வந்திருக்கவில்லை என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி எழுதியிருக்கிறார்.)

சி++ மொழியின் இட்டரேட்டர்களில் (தரவுத் தொகுப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டி நகர்பவை) முன்னொட்டே வேகம் என்ற வாதத்துக்குச் சற்று உயிர் இருக்கிறது. அங்கே பின்னொட்டு வடிவம் வழக்கமாகப் பழைய நிலையைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அசலை நகர்த்திவிட்டு, பிரதியைத் திருப்பித் தருகிறது. எளிய இட்டரேட்டர்களில் கம்பைலர் இந்தப் பிரதியை நீக்கிவிடும் என்றாலும், உள்ளே நிறையத் தரவைச் சுமக்கும் வகைகளில் அதை நம்பியிருக்க முடியாது. எனவே சி++ எழுதுபவர் முன்னொட்டையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

உண்மையான தேர்வு வைல் லூப்பின் நிபந்தனைக்குள் வருகிறது. ஒன்றைக் கழிக்கும் குறிகளுக்கும் இதே விதிதான் என்பதால், எண் 3 ஆக இருக்கும்போது "எண்-- > 0" என்ற நிபந்தனை மூன்று முறை நிறைவேறி, லூப்பின் உடலுக்குள் 2, 1, 0 என்ற மதிப்புகளைத் தருகிறது. அணியின் (வரிசையாக அடுக்கிய மதிப்புகளின் தொகுப்பு) சுட்டெண்கள் 0-இல் தொடங்குவதால், மூன்று உறுப்புள்ள ஓர் அணியைக் கடைசியிலிருந்து படிக்க இவையே சரியான சுட்டெண்கள். "--எண் > 0" என்று எழுதினால் லூப் இரண்டே முறை ஓடி, அணியின் முதல் உறுப்பைத் தொடாமலே நின்றுவிடும். குறியில்லா முழு எண்ணாக (எதிர்மறை மதிப்பு ஏற்காத வகையாக) அறிவித்த மாறி 0-இல் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம்: முன்னொட்டு அதை அந்த வகையின் மிகப் பெரிய எண்ணாகச் சுழற்றிவிடுவதால் நிபந்தனை உண்மையாகி, வெற்று அணியின் எல்லைக்கு வெளியே லூப் ஓடத் தொடங்கும். இந்த இடத்தில் பின்னொட்டுக்கே என் வாக்கு.

"எண் = எண்++" என்று எழுதுவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. ஜாவாவில் இது மாறியைப் பழைய மதிப்பிலேயே நிறுத்திவிடும். சி மொழியிலோ இதன் விளைவுக்கு வரையறையே கிடையாது.

இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்க, கோ மொழி பின்னொட்டை மட்டும், அதுவும் மதிப்பு தராத தனிக் கூற்றாக, அனுமதிக்கிறது. ஸ்விஃப்ட் தன் மூன்றாம் பதிப்பில் இரண்டையும் நீக்கிவிட்டது. பைத்தானில் இரண்டுமே கிடையாது. ஆனால் அங்கே எண்++ என்ற வரி இலக்கணப் பிழையாகப் பிடிபடும்போது, ++எண் இரண்டு நேர்க்குறிகளாகப் படிக்கப்பட்டு எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கடந்துபோகும். எண்ணிக்கையை அதை நம்பி விட்ட வைல் லூப் முடிவின்றி ஓடிக்கொண்டிருக்கும்.