கணினியைக் கடையில் விடுவதற்கு முன் மூடியைத் திறந்து ஒரு படம் எடுங்கள்

480 சிங்கப்பூர் வெள்ளி. பேநவ் என்ற வங்கிப் பணமாற்று வழியாகப் போன காசு என்பதால் வங்கிக் கணக்கில் அந்தப் பதிவு அப்படியே இருக்கிறது. அதில் 250 திரும்பி வந்துவிட்டது. மீதியையும், ராம் என்கிற நினைவக அட்டை ஒன்றையும் கணினிக் கடையில் பறிகொடுத்த கதை இது. ஏமாந்ததைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலேயே இன்னும் இரண்டு வீட்டில் அதே கடையைப் பற்றி விசாரித்தார்கள் என்று தெரிந்தபிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையைச் செய்யும் கடைகள் ஒன்றிரண்டு அல்ல.

எங்கள் மேசைக் கணினி 2019இல் வாங்கியது. இன்டெல் ஐ5, ஒன்பதாம் தலைமுறை. 16 ஜிபி ராம், எட்டும் எட்டுமாக இரண்டு அட்டை. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். என் மகள் பள்ளிக்கு மடிக்கணினி வைத்திருக்கிறாள். இந்தப் பெட்டி முழுக்க முழுக்க அப்பாவுடையது. அவர் வில்லுப்பாட்டு எழுதுவார். கோயில் விழா, சமூக மன்ற நிகழ்ச்சி என்று நாற்பதுக்கும் மேல் எழுதியிருக்கிறார், எல்லாம் அந்தக் கணினியில்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. அதற்கு முன்பிருந்தே திரையில் அறிவிப்பு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவார். கணினியும் மெதுவாகிவிட்டது; பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காப்பி கலக்கிக்கொண்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். சரி, கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போட்டுவிடலாம் என்று நவம்பர் 12ஆம் தேதி தள்ளுவண்டியில் வைத்து எடுத்துப் போனேன்.

கடைக்காரர் தமிழில் பேசினார். எனக்கு அது போதுமாக இருந்தது. என் முட்டாள்தனத்தின் ஆரம்பம் அங்கேதான்.

“அண்ணே, எண்பது வெள்ளிக்குள்ள முடிச்சிடலாம். விட்டுட்டுப் போங்க” என்றார். பெட்டியை அவர் திறக்கவில்லை, நானும் திறக்கச் சொல்லவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் என் தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தச் சீட்டில் ஒரு சொல் இல்லை.

மறுநாள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. மதர்போர்டில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இல்லையாம், அது இல்லாமல் விண்டோஸ் 11 ஏறாதாம், ஹார்ட் டிஸ்க்கும் போகும் நிலையில் இருக்கிறதாம். நான் வேலையில் இருந்தேன். “செய்யுங்கள்” என்று ஒரு சொல்லில் பதில் போட்டேன். சனிக்கிழமை போய் எடுத்தபோது ரசீதில் இப்படி இருந்தது: புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான வட்டு) 150, அசல் விண்டோஸ் 160, டிபிஎம் அப்கிரேட் 90, தரவு மாற்றம் 40, கூலி 40. எண்பது எப்படி நானூற்று எண்பது ஆனது என்று கேட்டேன். “சாமான் விலைதாண்ணே” என்றார். பின்னால் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். கட்டிவிட்டேன்.

வீட்டில் போட்டதும் கணினி வேகமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எந்த எஸ்எஸ்டியைப் போட்டாலும் வேகம் வரும். அந்த மகிழ்ச்சியில்தான் மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போகிறது.

முதலில் கண்டுபிடித்தவர் அப்பா. “மஞ்சள் அம்பு எங்கேடா?” என்றார். அவருக்குக் கண்புரை அறுவை நடந்தபிறகு சுட்டியை மஞ்சள் நிறத்தில் பெரிதாக வைத்து, எழுத்தளவைக் கூட்டி, மேசைத்திரையில் நான்கே நான்கு படக்குறிகளை விட்டிருந்தேன். எல்லாம் போய்விட்டது. சரி, அதைத் திரும்ப வைத்துவிடலாம், பத்து நிமிட வேலை. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் எழுத்தளவு, சுட்டி இரண்டும் இருக்கின்றன. அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. “வில்லு எங்கே?”

அவருடைய கோப்புறையின் பெயர் அது. சி டிரைவில் நேராகப் போட்டு வைத்திருந்தார். கடைக்காரர் தரவு மாற்றம் என்று நாற்பது வெள்ளி வாங்கிக்கொண்டு டாக்குமெண்ட்ஸையும் மேசைத்திரையையும் மட்டும் நகலெடுத்திருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன். “பழைய டிஸ்கைத் தூக்கிப் போட்டுட்டோமேண்ணே” என்றார்.

அன்றிரவுதான் உட்கார்ந்து பார்த்தேன். நான் கணினி ஆள் இல்லை, கிடங்கில் சரக்குக் கணக்கு பார்ப்பவன். ஆனால் வந்த சரக்கைச் சீட்டோடு ஒப்பிடுவது என் தொழில். அதைக் கடையிலேயே செய்திருக்க வேண்டும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. 8 ஜிபி என்று காட்டியது. கீழே சிறிய எழுத்தில், ராம் அட்டை செருகும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று மட்டும் பயன்பாட்டில் உள்ளது என்று இருந்தது. பக்கவாட்டு மூடியின் இரண்டு திருகைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஒரு ஸ்லாட்டின் காதுகள் விரிந்தபடி வெறுமனே நின்றன. பெட்டிக்குள் ஆறு வருடத் தூசி அப்படியே இருந்தது, அந்த ஸ்லாட்டின் மேல் மட்டும் பளிச்சென்று ஒரு கோடு. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. பழைய அட்டைக்கும் நல்ல கிராக்கி. அது ஏன் காணாமல் போனது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. இலவச மென்பொருள்தான். வட்டு இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை முறை மின்சாரம் பெற்றது, ஆரோக்கியம் எத்தனை விழுக்காடு என்று சொல்லிவிடும். என் ‘புது’ எஸ்எஸ்டி 14,212 மணி நேரம் ஓடியிருந்தது. 24ஆல் வகுத்தால் 592 நாள். வேறு யாருடைய கணினியிலோ உழைத்துக் களைத்து என் வீட்டுக்கு வந்திருக்கிறது. உண்மையிலேயே புதியதாக இருந்தால் அந்த எண் ஒற்றை இலக்கத்திலோ சில பத்துகளிலோ இருக்கும்.

விண்டோஸ் கதை இன்னும் மோசம். என் பழைய விண்டோஸ் 10 உரிமம் பெற்ற ஹோம் பதிப்பு. அப்படிப்பட்ட கணினி தகுதியுள்ளதாக இருந்தால் விண்டோஸ் 11க்கு மாறுவது இலவசம். உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது. வட்டை மாற்றினாலும் அதே பதிப்பை நிறுவினால் இணையத்தில் சேர்ந்தவுடன் தானாக உயிர்பெறும். 160 வெள்ளிக்கு வேலையே இல்லை. ஆனால் இப்போது புரோ பதிப்பு உட்கார்ந்திருந்தது. ஆக்டிவேஷன் பக்கத்தில், உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் இயக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி. எங்கள் வீட்டில் எந்த நிறுவனம்? அப்பாவின் வில்லுப்பாட்டுக் குழுவா?

விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு எக்ஸ்பிஆர் என்று சேர்த்துப் பாருங்கள் (slmgr /xpr). முறையான உரிமம் என்றால் நிரந்தரமாக இயக்கப்பட்டுள்ளது என்று வரும். எனக்கு 2026 மே 14 அன்று முடியும் என்று வந்தது. நான் கணினியை எடுத்த நாளிலிருந்து சரியாக 180 நாள். பெரிய அலுவலகங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு வைத்துக்கொள்ளும் உரிம முறையைப் போலியாகக் காட்டும் ஒரு கருவியைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். அந்தக் கருவியை வைரஸ் தடுப்பு பிடித்துவிடக் கூடாதே என்று, டிஃபெண்டரில் ஒரு கோப்புறையைச் சோதிக்க வேண்டாம் என்ற பட்டியலில் சேர்த்தும் வைத்திருந்தார்கள். அப்பா அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பவர். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

டிபிஎம் சிப்புக்கு வருவோம். அப்படி எதுவும் புதிதாகப் பொருத்தப்படவே இல்லை. எட்டாம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் சில்லுகள் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது, பிடிடி என்ற பெயரில். பல மதர்போர்டுகளில் அதை அணைத்து வைத்தே விற்றார்கள். விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் இயக்கினால் முடிந்தது. 90 வெள்ளி அந்த ஒரு தட்டலுக்கு. மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு நிரலை முன்பே ஓட்டியிருந்தால் எது குறை என்று அதுவே சொல்லியிருக்கும். அவசரமும் இருக்கவில்லை என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்: வீட்டுப் பயனாளர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை ஒத்திசைத்தால் அக்டோபர் 2026 வரை விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைக் காசில்லாமல் பெற்றிருக்கலாம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். சத்தம் போடவில்லை. படங்களை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு போனேன். முதலில் சிரித்தார், பிறகு முதலாளி இல்லை என்றார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினேன். பழைய டிஸ்கில் என் அடையாள அட்டை நகலும் வரிப் படிவங்களும் இருக்கின்றன, அது யார் கையில் இருக்கிறது என்று எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டேன். பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன், சிறு உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போடுவேன் என்றும் சொன்னேன். அது வெறும் மிரட்டல் இல்லை. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைக்க முடியாது, தேவையுமில்லை. என்னுடையதைப் போன்ற சிறு தொகைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். படிவத்தைப் பாதி நிரப்பி அந்தத் திரையையும் படமெடுத்து அனுப்பினேன்.

தூக்கிப் போட்ட டிஸ்க் இரண்டே நாளில் கிடைத்துவிட்டது. “உள்ளதான் இருந்துச்சுண்ணே.” விண்டோஸுக்கும் டிபிஎம்முக்கும் வாங்கிய 250ஐத் திருப்பி அனுப்பினார். எஸ்எஸ்டியை, மூடிய பெட்டியிலிருந்து என் கண் முன்னால் பிரித்த ஒன்றாக மாற்றிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மணி நேரத்தைப் பார்த்தேன், சுழியம். அதில் நானே முறையான ஹோம் பதிப்பை நிறுவினேன். பழைய உரிமம் கேட்காமலேயே ஏறிக்கொண்டது.

ராம் மட்டும் வரவில்லை. “நீங்க குடுக்கும்போதே ஒண்ணுதான் இருந்துச்சு” என்று ஒரே பிடி. என்னிடம் என்ன சான்று? 2019 ரசீதின் எழுத்து வெயிலில் வைத்த மாதிரி வெளுத்துப்போய்விட்டது. பெட்டியின் உள்ளே ஒரு படம்கூட நான் எடுக்கவில்லை. மூடியைத் திறந்து தொலைபேசியில் ஒரு படம், டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கம் ஒரு படம், வட்டின் வரிசை எண் ஒரு படம். இந்த மூன்றையும் கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “பழைய பாகம் எதுவானாலும் என்னிடமே திரும்பி வர வேண்டும், விலை கூடினால் எழுத்தில் கேட்க வேண்டும்” என்று கூட ஒரு வரி போட்டிருந்தால் அந்த அட்டை அதன் இடத்திலேயே இருந்திருக்கும். அதற்குச் சம்மதிக்காத கடையில் கணினியை விடவே வேண்டாம்.

இனி அப்பாவின் கோப்புகள். பழைய டிஸ்க்கை இணைக்க ஒரு யூஎஸ்பி கம்பி வாங்கினேன், சுற்றவே இல்லை. மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குக்குத் தனி மின் அடாப்டரோடு வருவது வேண்டும். மடிக்கணினி டிஸ்க்குக்கான மலிவான கம்பி போதாது. இரண்டாவது கம்பியில் எழுந்தது. வில்லு இருந்தது, முழுதாக. ஆனால் திறந்தால் தமிழ் இல்லை. அப்பா 2001லிருந்து திஸ்கி என்ற பழைய குறியீட்டு முறை எழுத்துருவில் அடித்தவர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஏ, சென்ட் குறி, தலையில் கோடு போட்ட யூ என்று வந்து நிற்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

பழைய டிஸ்க்கின் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அங்கே அந்த எழுத்துரு அப்படியே கிடந்தது. நகலெடுத்து நிறுவியதும் எழுத்துகள் வந்தன. அப்புறம், இப்போது எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் ஒவ்வொரு கோப்பாகப் போட்டு மாற்றினோம், மூன்று வார இறுதிகள் ஆயின. உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்துத் தமிழ்க் கோப்புகள் இருந்தால் கணினி நன்றாக ஓடும்போதே மாற்றிவிடுங்கள், எழுத்துருவையும் தனியாக ஒரு பென்டிரைவில் வையுங்கள். புதிதாக அடிக்க விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அப்பா முனகிக்கொண்டே பழகுகிறார்.

மஞ்சள் அம்பும் திரும்பி வந்துவிட்டது. அமைப்புகள் ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். தூசியையும் ஒரு தூரிகையால் பால்கனியில் வைத்துத் தட்டினேன், காற்றாடியைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு. இரண்டாவது ஸ்லாட் இன்னும் காலிதான். விலை இறங்கட்டும் என்று பார்க்கிறேன்.