பழைய ஜென்: ஓடுகிறது, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது

என் பழைய மாருதி ஜென் காரின் பின் சக்கர வீல் சிலிண்டரை, அதாவது ஆயில் அழுத்தத்தில் டிரம் பிரேக்கைத் தள்ளும் சின்ன உருளையை, மறுபடியும் மாற்றியாகிவிட்டது. அந்தக் கடுப்பு ஆறும் முன்பே எழுதுகிறேன், அதனால் நியாயம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ட்ராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, எடுத்துப்போக மலிவாக ஒரு பழைய ஜென் வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 993 சிசி, அலுமினிய இன்ஜின், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் எல்லாம் கேட்கிறவர்களுக்கே மனப்பாடம். பிரேக் எப்படி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியின் எடையே முக்கால் டன் சுமார்தான். பின் சீட், ஸ்டெப்னி, கார்பெட், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றினால் இன்னும் குறையும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஒரு சுற்று 3.7 கி.மீ., 12 திருப்பங்கள். நேர்பாதையில் யார் வேண்டுமானாலும் நம்மைத் தாண்டிப் போவார்கள். அடுத்த திருப்பத்தில் பார்த்தால் அவர்கள் பின் பம்பரில் போய் ஒட்டிக்கொண்டிருப்போம். என்னுடையது பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. முன் டயர் பிடியை விடப்போகிறது என்றால் ஸ்டியரிங் சட்டென்று லேசாகும், கண்ணுக்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். இப்போதைய எலக்ட்ரிக் ஸ்டியரிங் வண்டிகளில் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

செலவும் கையைக் கடிக்காது. லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுண்டிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் ஒரு காலை நேரத்தில் வாங்கிவிடலாம், அங்கே இல்லாததைப் புதுப்பேட்டையில் தேடலாம். மாருதியின் இன்னொரு காரான எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினைத் தூக்கி ஜென்னில் உட்காரவைப்பது பழைய வித்தை. 85 குதிரைசக்தி, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆர்.சி.யில் ஏற்றாமல் ரோட்டில் ஓட்ட முடியாது என்பது ஒரு பக்கம். இருக்கிற வேகத்தையே நிறுத்தத் திணறும் வண்டிக்கு இன்னும் வேகம் எதற்கு என்பது இன்னொரு பக்கம்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது பிறக்கும் சூடு நாலு மடங்கு. என் வண்டியின் முன் டிஸ்க் நடுவில் காற்றுப் போக இடைவெளி இல்லாத கட்டித் தகடு. சூடு அதிலிருந்து டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேடுக்கு, பேடிலிருந்து அதை அழுத்தும் கேலிப்பருக்கு, கடைசியில் பிரேக் ஆயிலுக்கு இறங்கும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூடேறிப் பிடியை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. முதலாவதில் கொஞ்சம் சுதாரிக்கலாம். இரண்டாவதில் சுதாரிக்க நேரமிருக்காது.

பேடை நல்லதாகப் போட்டு, ஃபாக் லாம்ப் ஓட்டை வழியாக டிஸ்க்குக்குக் காற்றுக் குழாய் விட்டதில் முதல் தொல்லை பெருமளவு தீர்ந்தது. ஆயில்தான் தீராத தலைவலி. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. ஈரம் உறிஞ்சிவிட்டால் அதே அளவுகள் 140, 155 என்று இறங்கிவிடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா குறை? எனவே ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்பும் ஆயிலை மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க வேண்டும்.

ஏர் எடுக்கப் பின் சக்கர நிப்பிளை, அதாவது வீல் சிலிண்டரில் காற்று வெளியேறும் சின்னத் திருகை, திறக்க வேண்டும். அதுதான் என் பரம எதிரி. சுண்டுவிரல் நகமளவு இருக்கும், மூடியிருந்த ரப்பர் எப்போதோ போயிருக்கும், மழைத்தண்ணீரும் சேறும் அடித்து துரு ஏறியிருக்கும். ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்து, காலையில் சின்னச் சுத்தியலால் தட்டி, ரிங் ஸ்பேனர் போட்டு முதலில் ஒரு நூல் இறுக்கி, அப்புறம் தளர்த்துவேன். இளகுகிறது என்று சந்தோஷப்படும் நொடியில்தான் அது முறிந்திருக்கும். பிறகென்ன, வீல் சிலிண்டரோடு மாற்ற வேண்டியதுதான். கடையில் கிடைக்கும் மலிவுச் சிலிண்டர்களோ சீக்கிரமே கசிகின்றன.

மெக்கானிக்குக்கு இதெல்லாம் வேடிக்கை. "சார், இது காய்கறி வாங்கப் போற வண்டி. ஏர் எதுக்கு அடிக்கடி எடுக்கிறீங்க?" என்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. தெருவில் நாற்பதில் போகிற வண்டிக்கு இந்த பிரேக் தாராளம், செய்தவர்கள் எதையும் குறைத்துவிடவில்லை.

மார்க் போட்டுக் கூட்டினால் ஜென்தான் ஜெயிக்கும். ஆனாலும் என் பேச்சைக் கேட்டால், வாங்காதீர்கள். 2003இல் வந்த மூன்று கதவு ஜென் மாடல்களான கார்பனோ ஸ்டீலோ கைக்கு வந்தால் வாங்கலாம், ஆனால் புண்ணியமாகப் போகட்டும், அதைக் கழற்றி ட்ராக் வண்டி ஆக்காதீர்கள்.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் பானெட்டைத் திறக்கும் முன் பின் சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நிப்பிளின் அறுகோணம் மழுங்கியிருந்தால் இரண்டு சிலிண்டர், கூலி இரண்டையும் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.