சி.என். கோபுரத்தின் 360: சாப்பாட்டை விட நேரம் முக்கியம்

ரொறன்ரோவுக்கு விருந்தாளி வந்தால் சி.என். கோபுரத்துக்குக் கூட்டிப்போவது எழுதாத சட்டம். பார்வைத் தளத்துக்கு மட்டும் ரிக்கெற் எடுப்பதா, மேலே உள்ள 360 என்ற சுழலும் உணவகத்தில் சாப்பிடுவதா என்பதுதான் கேள்வி. 360இல் நிர்ணயித்த விலைச் சாப்பாடு எடுத்தால் மேலே ஏறும் கட்டணம் அதற்குள் அடங்கிவிடும். சாப்பிட்டு முடித்து 346 மீற்றர் உயரத்துப் பார்வைத் தளத்துக்கும் 342 மீற்றரில் உள்ள கண்ணாடித் தரைக்கும் இறங்கலாம். 447 மீற்றரில் இருக்கும் ஸ்கைபொட் என்ற இன்னும் உயரமான பார்வைத் தளம் இதில் சேராது. எப்படியும் ரிக்கெற் வாங்கப் போகிறவர்கள் அந்தத் தொகையைச் சாப்பாட்டு விலையில் கழித்துப் பார்த்தால் மிச்சம் அவ்வளவு உறைக்காது. காட்சி தேவையில்லை, நாக்குக்கு ருசிதான் வேண்டும் என்பவர்கள் இங்கே ஏறவே வேண்டாம்; அதே காசுக்குக் கீழே நகரத்தில் இதைவிட நன்றாகச் சாப்பிடலாம்.

உணவகம் 351 மீற்றரில் இருக்கிறது. ஒரு சுற்றுச் சுற்ற 72 நிமிடம். அதனால் எந்தப் பக்கத்து மேசை என்று கவலைப்பட வேண்டாம்; ஏரியும் தீவுகளும், குட்டி விமான நிலையமும், வங்கிக் கட்டடங்களும் முறைவைத்து வரும். யன்னலோர மேசையா உள்வரிசையா என்பதுதான் வித்தியாசம். முற்பதிவில் யன்னலோரம் கேட்கலாம், உறுதி கிடைக்காது. சுழல்வது தரை மட்டும். யன்னல் விளிம்பில் கைப்பையையோ கைபேசியையோ வைத்தால் அது அங்கேயே நின்றுவிடும், நீங்கள் நகர்ந்துவிடுவீர்கள். கழிவறைக்குப் போய்த் திரும்பும்போதும் மேசை விட்ட இடத்தில் இருக்காது.

காசு வீணாவதும் பலன் தருவதும் முற்பதிவு நேரத்தில்தான். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக உட்கார்ந்தால் முதல் சுற்று பகல் வெளிச்சத்தில், இரண்டாவது சுற்று விளக்கு வெளிச்சத்தில். ஜூன் கடைசியில் ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்தான் சூரியன் மறையும், ஆகவே எட்டு மணி மேசை சரி. டிசம்பரில் 4.40 அளவில் மறைந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் போனால் முழு இருட்டு மட்டுமே.

மேகம் இன்னொரு வில்லன். கீழே வெளிச்சமாக இருக்கும்போதே கோபுரத் தலை மூடியிருக்கலாம். அப்படியான நாளில் யன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியது போலத்தான் இருக்கும். வானிலை அறிக்கையில் மழையை மட்டும் பார்க்காமல் தாழ்ந்த மேகம், மூடுபனி பற்றியும் பாருங்கள். பதிவை இலவசமாக மாற்றக்கூடிய கடைசி நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள்.

இருட்டிய பிறகு படம் எடுத்தால் உள்விளக்குகள் கண்ணாடியில் தெறிக்கும். கைபேசிக் கமராவைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டையும் படத்தில் பேயாகத் தெரியும்.

மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும், தெரிவு குறைவு. சூப்பிலும் சோஸிலும் இறைச்சிச் சாறு, இனிப்பில் ஜெலற்றின் சேர்வதுண்டு. ‘வெஜிற்றேரியன்’ என்று மட்டும் சொல்லாமல் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அதுவும் முற்பதிவின்போதே.

பில்லைப் பார்த்துத் திகைக்காமல் இருக்க ஒரு கணக்கு: மெனு விலையில் ஒன்ராறியோவின் 13 வீத வரி சேர்ந்திருக்காது. 100 டொலர் சாப்பாட்டுக்கு வரி 13, சாப்பாட்டு விலைக்கு மட்டும் 18 வீத ரிப் (பரிமாறுபவருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு) 18, ஆக 131. அட்டை இயந்திரம் வரியும் சேர்ந்த 113க்கு ரிப் கணக்கிட்டால் 133.34 ஆகும். பெரிய கூட்டமாகப் போனால் ரிப் ஏற்கெனவே பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையைத் தட்டுங்கள்.

நகரத்தின் கிழக்கே ஸ்காபரோவிலிருந்து வருபவர்கள் கார் எடுக்காமல் இருப்பது நல்லது. பேஸ்போல் ஆட்டம் உள்ள நாளில் பக்கத்து றொஜர்ஸ் சென்ரர் மைதானத்தால் தரிப்பிட விலை ஏறும், தெருவும் அடைபடும். கென்னடியில் சப்வே ஏறி, புளோர்-யங்கில் மாறி யூனியனில் இறங்கினால் ஸ்கைவோக் என்ற மூடிய நடைபாதை கோபுரத்தடி வரை கொண்டுவிடும், பனிக்காலத்தில் அதுவே பெரிய வசதி. வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. லிஃப்ட் 58 விநாடியில் ஏற்றிவிடும், வரிசை அப்படியில்லை. மேசை நேரத்துக்கு அரை மணி முன்னதாக நில்லுங்கள். பயணப் பெட்டியோடு விமான நிலையத்திலிருந்து நேரே வராதீர்கள், பெரிய பெட்டிகளை மேலே விடமாட்டார்கள்.