‘ஹார்ட்வேர் வால்யூம்’ ஸ்டிக்கரை நம்பாதீர்கள்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மியூசிக் பிளேயர் வாங்குவோர் கவனத்துக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடை, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போர்டில் வோலுமியோ என்ற மியூசிக் சாஃப்ட்வேரை ஏற்றி, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான சிக்னலாக மாற்றும் டிஏசி போர்டு ஒன்றையும் சேர்த்துப் பெட்டியாக்கி விற்கிறது. கூடவே வால்யூம் குமிழே இல்லாத சின்ன ஆம்ப்ளிஃபயர். பெட்டி மேல் ‘பிசிஎம்5122, ஹார்ட்வேர் வால்யூம்’ என்று ஸ்டிக்கர். அதாவது டிஏசி சிப் பிசிஎம்5122, வால்யூமை அந்தச் சிப்பே கூட்டிக் குறைக்கும் என்று அர்த்தம். அதற்காகவே சாதாரணப் பெட்டியைவிட 150 வெள்ளி (ரிங்கிட்) அதிகம். இதை வாங்கிய ஒரு தோட்டக் குடும்பத்தின் வீட்டில், இடிமழையில் கரண்டு போய் வந்த பிறகு பாட்டைப் போட்டதும் ஸ்பீக்கர் இரண்டும் அலறின. பதறிப் போய் சுவிட்சை அணைப்பதற்குள், பெட்டிக்குள் மேல் ஸ்தாயியை ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் போய்விட்டன.

கடைக்காரர் சொன்ன பதில்: “இடி இறங்கியிருக்கும் அண்ணே, அதுக்கெல்லாம் வாரண்டி இல்ல.”

பெட்டியைத் திறந்து பார்த்தோம். இடி கரண்டு லைன் வழியாக இறங்கினால் முதலில் அடிபடுவது அடாப்டர், அடுத்தது ஆம்ப்ளிஃபயர் போர்டு. இங்கே இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. கீழ் ஸ்தாயியை ஒலிக்கும் ஊஃபர்களும் நலம். செத்தவை ட்வீட்டர்கள் மட்டும். இது இடி செய்த வேலை இல்லை, செட்டிங் செய்த வேலை.

வோலுமியோவில் செட்டிங்ஸ், பிளேபேக் ஆப்ஷன்ஸ், அதற்குள் வால்யூம் ஆப்ஷன்ஸ். அங்கே மிக்சர் டைப், அதாவது வால்யூமை எது கட்டுப்படுத்துவது என்ற தேர்வு, ‘சாஃப்ட்வேர்’ என்று இருந்தது. தொடக்க வால்யூம் 100, உச்ச வால்யூம் 100. கடையில் குமிழ் உள்ள பெரிய ரிசீவரோடு சேர்த்துப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள், அங்கே 100 வைத்தாலும் ஆபத்தில்லை. அதே செட்டிங்கோடு குமிழ் இல்லாத ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டில் 20இல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, கரண்டு திரும்பி வந்து பெட்டி மறுபடி எழும்போது 100இல் எழும் என்பது எப்படித் தெரியும்?

கணக்கைப் பாருங்கள். முழு வால்யூமில் இந்த டிஏசி தருவது 2.1 வோல்ட். ஆம்ப்ளிஃபயரில் உள்ள டிபிஏ3116 சிப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 26 டெசிபெல், அதாவது 20 மடங்கு. ஆக ஆம்ப்ளிஃபயரிடம் கேட்பது 42 வோல்ட். 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் போர்டு 17 வோல்ட்டைத் தாண்டித் தர முடியாது. மீதி வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட சிக்னலில் மேல் அலைவரிசைச் சக்தி கூடிவிடும், அது அலைவரிசைகளைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் வழியாக நேரே ட்வீட்டருக்குப் போகும். மெல்லிய காயில் அந்தச் சூட்டைத் தாங்காது.

இனி ஸ்டிக்கர் விவகாரம். மிக்சர் டைப் பட்டியலில் ‘ஹார்ட்வேர்’ என்ற தேர்வே வரவில்லை. டிஏசி போர்டைக் கழற்றி, சிப்பை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் பிசிஎம்5102ஏ என்று எழுத்து. எழுத்தைச் சுரண்டியிருந்தாலும் கால்களை எண்ணலாம்: பிசிஎம்5102ஏ-க்குப் பக்கத்துக்கு 10 கால், மொத்தம் 20. பிசிஎம்5122-க்குப் பக்கத்துக்கு 14, மொத்தம் 28. 5102ஏ-க்குள் வால்யூம் கட்டுப்பாடே கிடையாது, மியூட் கால் ஒன்றுதான் உண்டு. கமாண்டு தெரிந்தவர்கள் அல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுத் திரையைத் திறந்து, எஃப்6 அழுத்தி அந்த கார்டைத் தேர்ந்தெடுத்தால், சிப்பின் வால்யூம் கட்டுப்பாடு எதுவும் இருக்காது. உண்மையான 5122 என்றால் ‘டிஜிட்டல்’ என்ற பட்டை ஏறி இறங்கும்.

5102ஏ மோசமான சிப் இல்லை. இரண்டுக்கும் சிக்னல்-இரைச்சல் அளவு 112 டெசிபெல்தான். 5122-இல் வரும் ‘ஹார்ட்வேர் வால்யூம்’கூட சிப்புக்குள் நடக்கும் டிஜிட்டல் குறைப்புத்தான், சுருதி சுத்தமாகிவிடும் என்று கடையில் சொல்வது வெறும் பேச்சு. எந்த ஆப் வழியாகப் பாடினாலும் ஒரே வால்யூம் என்ற வசதி உண்டு, அது நல்ல வசதி. ஆனால் இல்லாத சிப்புக்கு 150 வெள்ளி வாங்குவது ஏமாற்று வேலை. இதை லேசாக விட எங்களுக்கு மனமில்லை.

அதைவிடக் கோபம் வந்தது அடுத்து நடந்ததில். குடும்பத்தார் பெட்டியைத் திருப்பி எடுத்துப் போனார்கள். கடை ‘சர்வீஸ்’ செய்து கொடுத்தது. என்ன சர்வீஸ்? மிக்சர் டைப்பை ‘நன்’ ஆக்கி, “இப்ப பிட் பெர்ஃபெக்ட்” (பாட்டின் டேட்டாவைத் தொடாமல் அப்படியே அனுப்புவது) என்று அனுப்பியிருக்கிறார்கள். ‘நன்’ என்றால் வால்யூமே கிடையாது. எப்போதும் முழு 2.1 வோல்ட். ஆம்ப்ளிஃபயரில் குமிழ் இருந்தால் அதுதான் நல்ல செட்டிங், நாங்களும் அதையே வைப்போம். குமிழ் இல்லாத ஆம்ப்ளிஃபயரில் அதை வைத்தால், புது ட்வீட்டர் போட்ட அன்றே அதுவும் போகும்.

குமிழ் இல்லாத செட் வைத்திருப்பவர்கள் இன்றே இதைச் செய்யுங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு செட்டிங்கைத் திறந்து, மிக்சர் ‘சாஃப்ட்வேர்’, தொடக்க வால்யூம் 15 அல்லது 20, ஒரு அழுத்தலுக்கு ஏறும் அளவு 2 என்று வையுங்கள். சேமித்து, பெட்டியை அணைத்துப் போட்டு, வால்யூம் அதே எண்ணில் எழுகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பீக்கரை மாட்டுங்கள். பிறகு உங்களிடம் உள்ளதிலேயே சத்தமான பாட்டைப் போட்டு மெல்ல ஏற்றுங்கள். வீட்டுக்குப் போதும் என்ற இடத்து எண்ணையே உச்ச வால்யூமாக வைத்துவிடுங்கள்.

எல்லாப் பாட்டும் 10க்குள்ளேயே காதை அடைக்கிறது என்றால் கெயின் அதிகம். வால்யூமை டிஜிட்டலில் 40 டெசிபெல் இறக்கினால் பாட்டு மட்டும்தான் இறங்கும், டிஏசியின் இரைச்சல் இறங்காது. 112இல் 72தான் மிஞ்சும். அதனால் டிஏசிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில், ஒவ்வொரு சேனலிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், ஆம்ப்ளிஃபயர் பக்கம் 3.3 கிலோ ஓமை சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும் வையுங்கள். கால் வாட் போதும், மொத்தம் 4 ரெசிஸ்டர். ஏறக்குறைய 13 டெசிபெல் குறையும். அதன் பிறகு 100இல் எழுந்தாலும் ஆம்ப்ளிஃபயர் தருவது சுமார் 10 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் 12 வாட், வெட்டுப்படாது. டிஏசியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயர் ஒரு முழத்துக்குள் இருக்கட்டும்.

ட்வீட்டர் செத்ததா என்று பார்க்க, அதன் ஒரு வயரைக் கழற்றி, அதன் முனைகளிலேயே மீட்டரை வையுங்கள். 8 ஓம் ட்வீட்டர் 6 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்து முனையில் அளந்தால் ஊஃபரைத்தான் அளப்பீர்கள்.

இதே கடையில் வாங்கி, சிப் 5102ஏ என்று கண்டவர்கள் ரசீது, ஸ்டிக்கரின் படம், சிப்பின் கிட்டப் படம், செட்டிங் திரையின் படம் நான்கையும் எடுத்து வையுங்கள். பொருள் சொன்னபடி இருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 3 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ட்வீட்டர் மாற்றிய செலவின் ரசீதையும் சேர்த்துக் கேளுங்கள். மனு பதிவாகும்வரை பெட்டியைக் கடையில் ‘சர்வீஸு’க்கு மறுபடி கொடுக்க வேண்டாம், சிப்பை மாற்றிவிட்டால் ஆதாரம் போய்விடும்.