கழற்றிய மீட்டர் முள்: சுழியத்தில் பொருத்துவதா, ஸ்கேனர் வைத்தா?

டேஷ்போர்டில் எல்இடி மாற்ற முள்ளைக் கழற்றியாயிற்று. இனி இரண்டு வழி.

சுழிய முறைக்குச் செலவில்லை. முள்ளைச் சுழற்றும் சிறு மோட்டாரின் தண்டை இடஞ்சுழியாக முட்டும்வரை மெல்லத் திருப்பி, முள்ளை 0-வில் அழுத்த வேண்டும். சிக்கல் என்னவென்றால், பல மீட்டர்களில் அந்த முட்டு 0-க்குக் கீழே இருக்கும். அப்போது அளவு முழுக்க ஒரே கோணத்தில் பிசகும்.

ஸ்கேனரில் (வண்டியின் கணினியோடு இணைக்கும் பழுதறி கருவி) அவுட்புட் டெஸ்ட் (முட்களை இயக்கிப் பார்க்கும் சோதனை) கொடுத்தால், அதை ஏற்கும் வண்டிகளில் மோட்டார் தெரிந்த மதிப்பில் நிற்கும். முள்ளை அங்கேயே வைக்கலாம். வேக முள்ளை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்; வெப்பநிலை, எரிபொருள் முட்களுக்கு அது உதவாது என்பதால் இதுவே மேல்.

முள்ளை அடிவரை அழுத்தாதீர்கள், முகப்பில் உரசி நின்றுவிடும்.

எப்படிப் பொருத்தினாலும் ஜிபிஎஸ்ஸில் சீரான 80 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வேகமானிகளுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 39-ன்படி மீட்டர் 80 முதல் 92 வரை காட்டலாம். குறைத்துக் காட்டவே கூடாது.